ரூட் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் டயல்-அப்: லினக்ஸில் வீட்டிலுள்ள எல்லாரும் இணையத்தை இணைக்க முழு வழிகாட்டி

நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது ஒரு நாள் இரவு தங்கை போன் செய்தாள். "நாளைக்கு ரிசல்ட் வருது அண்ணா, நெட் எப்படி கனெக்ட் பண்றது?" வீட்டுக் கணினியில் டெபியன் லினக்ஸைப் போட்டு வைத்தவன் நான். ரூட், அதாவது கணினியில் எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். வேறு வழியில்லாமல் போனிலேயே சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள். எங்களுடையது டயல்-அப், அதாவது மோடம் போன் லைனில் டயல் செய்து பெறும் இணைப்பு. மோடமும் போனும் ஒரே லைனில் இருந்ததால் கூடவே இருந்து வழிகாட்டவும் முடியவில்லை. நான் போனை வைத்தால்தான் அவளால் டயல் செய்ய முடியும்.

இணைப்பு கிடைத்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து எல்லா வேலையையும் அவள் ரூட்டாக நுழைந்தே செய்தாள். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பார்த்தேன். அவள் பதிவிறக்கிய விண்ணப்பப் படிவங்கள் எல்லாம் ரூட்டின் வீட்டுக் கோப்புறைக்குள் கிடந்தன. அவளுடைய சொந்தக் கணக்கிலிருந்து அவற்றை எட்டக்கூட முடியவில்லை. வன்தட்டையே அழிக்கக்கூடிய அதிகாரத்தை, ஒரு போன் நம்பரை டயல் செய்வதற்காகக் கையில் கொடுத்திருந்தேன். அவளுக்குத் தேவைப்பட்டது இணைக்கவும் துண்டிக்கவும் அனுமதி, அவ்வளவுதான். அதை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுக்க லினக்ஸில் ஒழுங்கான ஏற்பாடு இருக்கிறது.

டெபியனையும் அதன் வழிவந்த உபுண்டு போன்றவற்றையும் வைத்தே எழுதுகிறேன். கட்டளைகள், கோப்புப் பெயர்கள் எல்லாம் இங்கே ஒலிப்படி தமிழில் இருக்கின்றன. கணினியில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். குழப்பம் வரக்கூடிய இடத்தில் எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறேன்.

எதற்கெல்லாம் ரூட் தேவைப்படுகிறது?

டயல்-அப் இணைப்பில் மூன்று இடங்களில் அதிகாரம் கேட்கப்படுகிறது. முதலாவது, மோடம் செருகியிருக்கும் சீரியல் போர்ட்டைத் திறப்பது. இரண்டாவது, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிடம் சொல்லி பிபிபி0 என்ற வலை இடைமுகத்தை உருவாக்கி, வெளியே போகும் போக்குவரத்தெல்லாம் அதன் வழியாகப் போகட்டும் என்று வழிப்பட்டியலை மாற்றுவது. மூன்றாவது, இணைய நிறுவனம் கொடுத்த பயனர்பெயர், கடவுச்சொல் இருக்கும் கோப்பைப் படிப்பது.

இந்த மூன்றையும் செய்யும் நிரலின் பெயர் பிபிபிடி. மூன்று பி, ஒரு டி. சாதாரணப் பயனர் இயக்கினாலும் ரூட்டின் அதிகாரத்தோடு ஓடும்படி இதை வைத்திருப்பார்கள். யார் இயக்கலாம், எந்த அமைப்பை யார் மாற்றலாம் என்ற வரம்புகளை அது தானே பார்த்துக்கொள்ளும். நாம் செய்யப்போவது அந்த வரம்புகளைச் சரியாக வரைவதுதான்.

முதலில் மோடம்

டாஸ், விண்டோஸ் காலத்துக் காம்1 லினக்ஸில் /டெவ்/டிடிஒய்எஸ்0. காம்2 என்றால் கடைசியில் 1. இதில் எஸ் மட்டும் பெரிய எழுத்து. வெளியே வைக்கும் சீரியல் மோடம் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கணினிக்கு உள்ளே அட்டையாகப் பொருத்தும் மலிவான மோடம்களில் பல, வின்மோடம் என்று சொல்லப்படும் வகை. மோடம் செய்யவேண்டிய வேலையின் பெரும்பகுதியை விண்டோஸ் டிரைவரின் தலையில் கட்டிவிடுவதால் லினக்ஸில் அவற்றை ஓடவைப்பது தனிப் போராட்டம். அதில் நேரத்தைச் செலவிடுவதைவிட ஒரு பழைய வெளி மோடத்தைத் தேடி வாங்குவதே மேல் என்பது என் கருத்து.

பிபிபிடியின் அனுமதியைச் சரிபார்த்தல்

டெர்மினலில் எல்எஸ், இடைவெளி, மைனஸ் எல், அடுத்து /யூஎஸ்ஆர்/எஸ்பின்/பிபிபிடி என்று தட்டுங்கள். வரும் வரியின் தொடக்கத்தில் அனுமதி எழுத்துகள் இருக்கும். உரிமையாளருக்கான மூன்றெழுத்தில் கடைசியாக எக்ஸுக்குப் பதில் எஸ் இருக்க வேண்டும். உரிமையாளர் ரூட், குழு டிப் என்று இருக்க வேண்டும். டி, ஐ, பி என்ற மூன்றெழுத்துதான் அந்தக் குழுவின் பெயர்.

எண்ணில் சொன்னால் இந்த அனுமதி 4754. முதலில் உள்ள 4, 'யார் இயக்கினாலும் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடு' என்பது. 7 ரூட்டுக்கு, 5 டிப் குழுவுக்கு: படிக்கலாம், இயக்கலாம். கடைசி 4 மற்றவர்களுக்கு: படிக்கலாம், ஆனால் இயக்க முடியாது. அந்தக் கடைசி இலக்கம் முக்கியம். விருந்தினர் கணக்கில் நுழைந்தவரால் பிபிபிடியை இயக்க முடியாமல் இருப்பது அதனால்தான். அவசரத்தில் அதை 5 ஆக்கிவிடாதீர்கள்.

அனுமதி மாறிப்போயிருந்தால் சிஎச்மாட் போட்டுத் திருத்தலாம். ஆனால் அடுத்த முறை பொதி புதுப்பிக்கப்படும்போது அது பழையபடி ஆகிவிடக்கூடும். டிபிகேஜி-ஸ்டாட்ஓவர்ரைடு என்ற கட்டளைக்கு --அப்டேட் --ஆட் என்ற விருப்பங்களையும் ரூட், டிப், 4754, நிரலின் முழுப்பாதை ஆகியவற்றையும் இதே வரிசையில் கொடுத்தால் அந்த அனுமதி நிலைத்து நிற்கும்.

பயனரைக் குழுவில் சேர்த்தல்

ரூட்டாக இருந்து, ஆட்யூசர் கட்டளைக்குப் பின் பயனர்பெயர், அதன்பின் டிப் என்று கொடுங்கள். முடிந்தது. ஆனால் ஒன்று: ஏற்கனவே உள்ளே நுழைந்திருக்கும் பயனருக்கு இது உடனே பலிக்காது. குழு விவரம் நுழையும்போதுதான் படிக்கப்படுகிறது. அவர் முழுவதுமாக வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் போதாது. நுழைந்ததும் ஐடி என்று தட்டினால் அவர் இருக்கும் குழுக்களின் பட்டியல் வரும், அதில் டிப் இருக்கிறதா என்று பாருங்கள்.

இணைப்புக் கோப்பு

/எட்சி/பிபிபி/பியர்ஸ் என்ற கோப்புறைதான் இந்த ஏற்பாட்டின் இதயம். இதற்குள் ஒரு கோப்பு வைத்தால், கோப்பின் பெயரே இணைப்பின் பெயர். நான் வீடு என்று பெயர் வைத்தேன், ஆங்கில எழுத்தில்தான். ரூட் மட்டுமே இந்தக் கோப்புறையில் எழுத முடியும். ரூட் எழுதியது என்பதாலேயே இதில் உள்ள அமைப்புகளை பிபிபிடி முழுமையாக நம்புகிறது. சாதாரணப் பயனர் கட்டளை வரியில் கொடுத்தால் மறுக்கப்படும் அமைப்புகள்கூட இந்தக் கோப்பில் இருந்தால் ஏற்கப்படும். அதாவது, தீர்மானிப்பது ரூட், பயன்படுத்துவது யாராகவும் இருக்கலாம்.

வரிக்கு ஒன்றாக எழுத வேண்டியவை இவை. முதல் வரியில் மோடத்தின் பாதை. அடுத்த வரியில் வேகம்: 115200. இது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். 56 கே மோடமாக இருந்தாலும் இதையே எழுதுங்கள். அடுத்து சிஆர்டிஎஸ்சிடிஎஸ், மோடம், லாக் என்ற மூன்று சொற்கள் தனித்தனி வரியில். லாக் இருந்தால் ஒருவர் இணைத்திருக்கும்போது இன்னொரு நிரல் குறுக்கே மோடத்தைப் பிடிக்காமல் தடுக்கலாம்.

அப்புறம் கனெக்ட் வரி. கனெக்ட் என்ற சொல், பின் மேற்கோள் குறிக்குள் /யூஎஸ்ஆர்/எஸ்பின்/சாட் -வி -எஃப் /எட்சி/சாட்ஸ்கிரிப்ட்ஸ்/வீடு. இதுதான் டயல் செய்யும் பகுதி, கீழே விளக்குகிறேன். அடுத்து யூசர் என்ற சொல்லும் இணைய நிறுவனம் கொடுத்த பயனர்பெயரும்.

நோஆத் என்ற சொல்லைத் தவறவிடவே கூடாது. என், ஓ, ஏ, யூ, டி, எச். எதிர்முனையும் தன்னை நிரூபிக்கட்டும் என்று பிபிபிடி சில சமயம் கேட்கும். எந்த இணைய நிறுவனமும் நம்மிடம் தன்னை நிரூபிப்பதில்லை, அதனால் அந்தக் கேள்வியை அணைக்க வேண்டும். பயனர் தானே கட்டளை வரியில் நோஆத் போட்டால் ரூட் அதிகாரம் வேண்டும் என்று மறுத்துவிடும். கோப்பில் இருந்தால் மறுக்காது.

டிஃபால்ட்ரவுட் என்பது இணையப் போக்குவரத்தை இந்த வழியில் திருப்ப. யூஸ்பியர்டிஎன்எஸ் என்பது நிறுவனத்தின் பெயர்ச் சேவையக முகவரிகளைக் கேட்டு வாங்க. நோஐபிடிஃபால்ட் என்பது நம் ஐபி முகவரியை அவர்களே கொடுக்கட்டும் என்று சொல்ல. கடைசியாக ஐடில் 600 என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். 600 நொடி, அதாவது பத்து நிமிடம் எந்தப் போக்குவரத்தும் இல்லையென்றால் தானே துண்டித்துவிடும். சாப்பிடப் போனவர் இணைப்பை மறந்துவிட்டால் போன் பில்லைக் காப்பாற்றுவது இந்த ஒரு வரிதான்.

கோப்பின் குழு டிப் ஆகவும், அனுமதி 640 ஆகவும் இருக்கட்டும். ரூட் எழுதலாம், டிப் குழு படிக்கலாம், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை.

டயல் செய்யும் கோப்பு

/எட்சி/சாட்ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் அதே பெயரில் இன்னொரு கோப்பு. சாட் என்ற சிறு நிரல் மோடத்தோடு பேசும் உரையாடல் இது: அது இதைச் சொன்னால் நீ இதைச் சொல். அபார்ட் என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதி, அதற்குப் பக்கத்தில் பிசி, நோ கேரியர், நோ டயல்டோன் ஆகியவற்றை வரிக்கு ஒன்றாகப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மோடம் இவற்றில் ஒன்றைச் சொன்னால் முயற்சி உடனே கைவிடப்படும். நோ கேரியர் போல இரண்டு சொல்லாக வருவதை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும்.

அடுத்த வரியில் வெற்று மேற்கோள் இணை, பிறகு ஏடிஇசட் என்ற மோடம் கட்டளை: எதற்கும் காத்திராமல் மோடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவா என்று பொருள். அதற்கடுத்து ஓகே (இதுவும் பெரிய எழுத்தில்), பக்கத்தில் ஏடிடிடி (ஏடி, பிறகு டயல், டோன் என்ற சொற்களின் முதலெழுத்துகள்), அதோடு ஒட்டி நிறுவனத்தின் டயல்-அப் எண். மோடம் ஓகே என்றதும் டயல் செய்யும். கடைசி வரியில் கனெக்ட் என்று பெரிய எழுத்தில், பக்கத்தில் பின்சாய்வுக் கோடும் சி என்ற சிற்றெழுத்தும் மேற்கோள் குறிக்குள். மோடம் இணைந்ததும் எதையும் அனுப்பாமல் முடித்துக்கொள் என்பது அதன் பொருள்.

டோன் முறையில் போகாத பழைய எக்சேஞ்ச் லைன் என்றால் ஏடிடிடிக்குப் பதில் ஏடிடிபி. அலுவலகத்தில் வெளி லைனுக்கு 0 அழுத்த வேண்டும் என்றால் எண்ணுக்கு முன் 0, பக்கத்தில் ஒரு காற்புள்ளி. காற்புள்ளி வந்த இடத்தில் மோடம் சிறிது நேரம் நின்று தொடரும். ரிசீவரைக் காதில் வைத்தால் டயல் டோன் கேட்கிறது, ஆனால் மோடம் மட்டும் நோ டயல்டோன் என்று அடம்பிடிக்கிறது என்றால், ஏடிஇசட் வரிக்கு அடுத்ததாக ஓகே, பக்கத்தில் ஏடிஎக்ஸ்3 என்று ஒரு வரி சேருங்கள். டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். ஈபிஏபிஎக்ஸ் (அலுவலகத்தின் உள் எக்சேஞ்ச்) வைத்திருக்கும் இடங்களில் இது அடிக்கடி தேவைப்படும்.

இந்தக் கோப்புக்கும் குழு டிப், அனுமதி 640. மறந்துவிடாதீர்கள்: சாட் நிரல் ரூட்டாக ஓடுவதில்லை. இணைப்பைத் தொடங்கிய பயனரின் பெயரிலேயே ஓடும். அதனால் பயனரால் இந்தக் கோப்பைப் படிக்க முடியாவிட்டால் டயலே ஆகாது. 'ரூட்டாகச் செய்தால் வேலை செய்கிறது, என் கணக்கில் செய்தால் இல்லை' என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கடவுச்சொல்

/எட்சி/பிபிபி கோப்புறையிலேயே பேப்-சீக்ரட்ஸ், சேப்-சீக்ரட்ஸ் என்று இரண்டு கோப்புகள் இருக்கும். நிறுவனம் எந்த முறையைக் கேட்கும் என்று யோசிக்காமல் இரண்டிலும் ஒரே வரியை எழுதிவிடுங்கள்: முதலில் பயனர்பெயர், பிறகு நட்சத்திரக் குறி, பிறகு கடவுச்சொல். பயனர்பெயர் இணைப்புக் கோப்பில் யூசர் வரியில் எழுதியதோடு எழுத்துப் பிசகாமல் பொருந்த வேண்டும்.

இந்த இரண்டு கோப்புகளின் அனுமதி 600. ரூட்டைத் தவிர யாரும் படிக்கக் கூடாது. பிபிபிடி ரூட்டின் அதிகாரத்தோடு ஓடுவதால் அதற்குப் படிக்க முடியும், இயக்கும் பயனருக்கு முடியாது. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தங்கை தினமும் இணைக்கிறாள், ஆனால் ரூட் கடவுச்சொல்லும் தெரியாது, இணையக் கணக்கின் கடவுச்சொல்லும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

இணைத்துப் பார்த்தல்

இப்போது சாதாரணப் பயனராக நுழைந்து, பான் வீடு என்று தட்டுங்கள். பி, ஓ, என். துண்டிக்க பாஃப் வீடு. இதில் பி, ஓ, இரண்டு எஃப். பான் உடனே பின்னணிக்குப் போய்விடுவதால் இணைந்ததா இல்லையா என்று புதியவருக்குத் தெரியாது. இணைப்பின் பெயருக்குப் பின் அப்டிடாச் என்று சேர்த்துக்கொடுத்தால், இணைந்து முடியும்வரை செய்திகள் திரையில் வரும், பிறகுதான் பின்னணிக்குப் போகும். மேசைத்திரையில் இதற்கு ஒரு சின்னம் வைத்து, அழுத்தினால் டெர்மினலில் ஓடும்படி செய்துவிட்டால் வீட்டில் யாரும் கட்டளை கற்க வேண்டியதில்லை.

ஒருவர் தொடங்கிய இணைப்பை அவர்தான் துண்டிக்க முடியும். லினக்ஸில் ஒரு பயனர் தன் பெயரில் தொடங்கிய நிரலுக்குத்தான் நிறுத்தச்சொல்லிச் சைகை அனுப்பலாம். அப்பா இணைத்துவிட்டு வெளியே போய்விட்டால் அம்மாவால் துண்டிக்க முடியாது. அதற்குச் சூடோ (குறிப்பிட்ட கட்டளையை ரூட்டாக இயக்க அனுமதி தரும் கருவி) வேண்டும், அடுத்து வருகிறது.

சூடோவில் ஒரு பெரிய பள்ளம்

குழு, கோப்பு என்று எதற்கு இத்தனை, சூடோவில் பிபிபிடிக்கு அனுமதி கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். பயனர் சாதாரணமாக இயக்கும்போது கனெக்டில் சொன்ன நிரலை பிபிபிடி அந்தப் பயனரின் பெயரில்தான் ஓட்டும். சூடோ வழியாக வந்தால் இயக்குபவரே ரூட். அப்போது கனெக்ட் என்று போட்டு எந்த நிரலைக் கொடுத்தாலும் அது ரூட்டாக ஓடும். டயல் செய்ய அனுமதி கொடுப்பதாக நினைத்து முழுக் கணினியையும் கொடுத்ததாகிவிடும்.

துண்டிப்பதற்கு மட்டும் வேண்டுமென்றால், சூடோவின் விதிக் கோப்பை விசூடோ கட்டளையால் திறந்து, டிப் குழுவினர் /யூஎஸ்ஆர்/பின்/பாஃப் வீடு என்பதைக் கடவுச்சொல் இல்லாமல் இயக்கலாம் என்று ஒரு விதி எழுதுங்கள். பாஃப் என்று மட்டும் எழுதி விட்டுவிடக் கூடாது, வீடு என்ற சொல்லும் விதியில் இருக்க வேண்டும். விதியில் சொற்களைக் குறிப்பிடாவிட்டால் எந்தச் சொல்லையும் சேர்த்து இயக்கலாம் என்று சூடோ எடுத்துக்கொள்ளும். கோப்பை நேரடியாகத் திறந்து திருத்தாமல் விசூடோவையே பயன்படுத்துங்கள். எழுத்துப்பிழை இருந்தால் சேமிக்கும் முன் எச்சரிக்கும்.

டயல்அவுட் குழு வேண்டுமா?

இணையத்தில் தேடினால் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். அந்தக் குழு, சீரியல் போர்ட்டை நேரடியாகத் திறக்க அனுமதி தருவது. மேலே சொன்ன முறையில் அது தேவையே இல்லை. போர்ட்டின் பெயர் ரூட்டின் கோப்பில் இருப்பதால் பிபிபிடியே திறந்துகொள்ளும்.

தேவையில்லாமல் கொடுக்க வேண்டாம் என்பதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. போர்ட்டைத் திறக்க முடிந்தவர் எந்த எண்ணுக்கும் டயல் செய்யலாம், வெளிநாட்டு எண்ணுக்கும். டிப் குழுவில் மட்டும் இருப்பவரால் அது முடியாது. ரூட்டின் கோப்பில் எழுதிய கனெக்ட் வரியை அவரால் மாற்றிக்கொடுக்க முடியாது. வேறு போர்ட்டைச் சொன்னால் அவருடைய சொந்த அனுமதியோடுதான் திறக்கப் பார்க்கும், தோற்கும். பள்ளியிலோ நூலகத்திலோ பலர் பயன்படுத்தும் கணினி என்றால் இந்த வித்தியாசம் மாதக் கடைசியில் பில்லில் தெரியும். சிலர் சிஎச்மாட் 666 போட்டுப் போர்ட்டை எல்லாருக்கும் திறந்துவிடுவார்கள். அது டயல்அவுட் குழுவைவிட மோசம், அதுவும் மறுதொடக்கம் வரைக்கும்தான் நிற்கும்.

வேறு கருவிகள்

டபிள்யூவிடயல் பலருக்குப் பழக்கமானது. மோடத்தைத் தானே கண்டுபிடித்து அமைப்புக் கோப்பை எழுதித்தரும். ஆனால் போர்ட்டை அதுவே திறப்பதால் டிப், டயல்அவுட் இரண்டு குழுவும் வேண்டும். கடவுச்சொல் அதன் அமைப்புக் கோப்பிலேயே இருப்பதால் இயக்குபவரால் படிக்கவும் முடியும். ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கணினிக்கு நல்லது, பலருக்கு என்றால் பான் முறைதான் என் தேர்வு. சாதாரணப் பயனராக இயக்கும்போது பேப்-சீக்ரட்ஸ் கோப்பை மாற்ற முடியவில்லை என்று அது எச்சரிக்கும். அந்தக் கோப்பில் சரியான வரி ஏற்கனவே இருந்தால் கவலைப்பட வேண்டாம். பழைய ரெட் ஹேட், ஃபெடோரா கணினிகளில் பிபிபி0 இடைமுகத்துக்கான ஐஎஃப்சிஎஃப்ஜி கோப்பில் யூசர்சிடிஎல்=எஸ் என்று எழுதினால், பயனர் ஐஃப்அப் பிபிபி0 என்று தானே இணைக்கலாம். யூசர்சிடிஎல் முழுவதும் பெரிய எழுத்து, எஸ் என்பது ஆம் என்ற ஆங்கிலச் சொல்.

மொபைல் இணையத்துக்கான யூஎஸ்பி டாங்கிளுக்கும், ராஸ்பெரி பை என்ற சிறு கணினியோடு இணைக்கும் ஜிஎஸ்எம் மாட்யூலுக்கும் இதே முறை பொருந்தும். பாதை /டெவ்/டிடிஒய்யூஎஸ்பி0 போல இருக்கும் (யூஎஸ்பி மூன்றும் பெரிய எழுத்து), டயல் எண் *99#. அதற்கு முன் ஏபிஎன் (மொபைல் நிறுவனத்தின் இணைய வாசல்) பெயரை மோடத்துக்குச் சொல்லும் ஒரு வரி சேர வேண்டும். செருகும் வரிசையைப் பொறுத்து 0, 1 என்று எண் மாறுவதால், /டெவ்/சீரியல்/பை-ஐடி கோப்புறையில் உள்ள நிலையான பெயரை எழுதுங்கள். மோடம்மேனேஜர் சேவை ஓடிக்கொண்டிருந்தால் போர்ட்டை அது முந்திப் பிடித்துக்கொள்ளும், நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்.

வேலை செய்யாவிட்டால்

பான் தட்டியதும் அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால் பயனர் டிப் குழுவில் இல்லை, அல்லது மறுபடி நுழையவில்லை. ரூட்டாக இருக்க வேண்டும், செட்யூஐடி இல்லை என்று பிபிபிடி சொன்னால் எஸ் எழுத்து போய்விட்டது. எதிர்முனை தன்னை நிரூபிக்க வேண்டும் என்று வந்தால் நோஆத் விடுபட்டிருக்கிறது. போர்ட் பூட்டப்பட்டிருக்கிறது என்று ஓர் எண்ணோடு வந்தால் வேறொருவரின் இணைப்பு ஏற்கனவே ஓடுகிறது.

இவற்றைவிடக் குழப்புவது, இணைந்துவிடும் ஆனால் எந்தப் பக்கமும் திறக்காது என்ற நிலை. முதலில் பிங் கட்டளையால் ஓர் ஐபி எண்ணைத் தட்டிப் பாருங்கள். எண் பதில் தந்து பெயர் தராவிட்டால் யூஸ்பியர்டிஎன்எஸ் இல்லை. எண்ணே பதில் தராவிட்டால் பெரும்பாலும் வேறொரு இயல்பு வழி ஏற்கனவே இருக்கிறது. வீட்டில் ஈத்தர்நெட் அட்டைக்கு எப்போதோ ஒரு கேட்வே (வெளியே போகும் வாசல்) முகவரி கொடுத்திருப்போம். அது இருக்கும்வரை பிபிபிடி மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும், டிஃபால்ட்ரவுட் பலிக்காது. அந்தக் கேட்வே வரியை நீக்குங்கள், அல்லது இணைப்புக் கோப்பில் ரீப்ளேஸ்டிஃபால்ட்ரவுட் என்ற வரியைச் சேருங்கள்.

விவரமான பதிவைப் பார்க்க பிலாக் கட்டளை இருக்கிறது. பதிவுக் கோப்புகளைப் படிக்க ஏடிஎம் (அட்மின் என்ற சொல்லின் முதல் மூன்றெழுத்து) குழு வேண்டும் என்பதால் அதை ரூட்டாக நீங்களே பாருங்கள், வீட்டிலுள்ளவர்களைச் சேர்க்க வேண்டாம்.

ரூட் கடவுச்சொல்லை ஏற்கனவே யாரிடமாவது சொல்லியிருந்தால், எல்லாம் ஓடத் தொடங்கிய அன்றே பாஸ்டபிள்யூடி கட்டளையால் அதை மாற்றிவிடுங்கள். ரூட்டின் கோப்புறையில் மாட்டிக்கொண்ட அவர்களுடைய கோப்புகளை அவர்கள் வீட்டுக் கோப்புறைக்கு நகர்த்தி, சிஎச்ஓன் கட்டளையை -ஆர் விருப்பத்தோடு கொடுத்து அவர்கள் பெயருக்கே உரிமையை மாற்றுங்கள். இந்த ஆர் பெரிய எழுத்து. தங்கையின் படிவங்களை அப்படித்தான் மீட்டுக் கொடுத்தேன்.